காப்பிச் சக்கை மரத்துக்கு உரமாகுமா?

பித்தளை பில்டரின் மேல் அடுக்கைக் கவிழ்த்துத் தட்டினால் வட்ட அடையாக விழுகிற காப்பிச் சக்கை பெரும்பாலான வீடுகளில் நேரே குப்பைக் கூடைக்குப் போகிறது. சில வீடுகளில் ரோஜாத் தொட்டிக்கும் கறிவேப்பிலைக் கன்றின் அடிக்கும் போகிறது. சக்கை போட்டதால் செடி தளதளவென்று வளர்ந்தது என்பார் ஒருவர். போட்ட பதினைந்தாம் நாளே கன்று பட்டுப் போயிற்று என்பார் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எதற்குப் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள், மட்கியதா மட்காததா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

பெங்களூருக்குத் தென்கிழக்கே சுமார் 35 கிலோ மீட்டர் தொலைவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் ஆனேக்கல்லில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. கேழ்வரகும் மல்பெரியும் ரோஜாவும் விளைகிற செம்மண் பூமி அது. மா, பலா, புளி, புங்கை இல்லாத கிராமம் இல்லை. அதே தாலுகாவில்தான் பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளும் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. புதிய குடியிருப்புகள் எழ எழ ஓட்டல்களும் பெருகுகின்றன. நின்றுகொண்டே சாப்பிடும் 'தர்சினி'களில் 'பை டூ' காப்பி இறங்காத வேளை கிடையாது. ஒரு பக்கம் சக்கை மலையாகக் குவிகிறது. இன்னொரு பக்கம், வீட்டு முன்னாலும் சாலை ஓரத்திலும் நட்ட கன்றுகள் ஊட்டமில்லாத மண்ணில் திணறுகின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்று தோன்றுவது இயற்கையே.

குப்பை போகும் இடம்

இதில் வெறும் தோட்ட ஆசை மட்டும் இல்லை. பெங்களூர் நகரத்தின் குப்பை எங்கே போய்ச் சேருகிறது என்பது சுற்றுப்புறக் கிராமத்தாருக்கு நன்றாகத் தெரியும். 2012-ல் மாவள்ளிபுராவில் குப்பை கொட்டுவது நின்றபோது நகரமே நாறியது. மண்டூர் கிராமத்தார் தொடர்ந்து போராடியதன் பேரில் 2014 இறுதியோடு அங்கும் லாரிகள் நின்றன. ஆனேக்கல் தாலுகாவில் உள்ள பிங்கிபுராவும் இதே துன்பத்தை அனுபவித்த ஊர். குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2012-ல் உத்தரவிட்டதும் இந்த நெருக்கடியில்தான்.

ஈரக் குப்பையைக் காற்றுப் புகாமல் மலையாகக் குவித்தால் அது அழுகி மீத்தேன் வாயுவைக் கக்குகிறது. கறுத்த நீர் வடிந்து கிணற்றில் இறங்குகிறது. காப்பிச் சக்கையும் ஈரக் குப்பைதான். ஒரு வீட்டுச் சக்கை அற்பம். ஆனால் ஓட்டல் சக்கை அற்பம் அல்ல.

இதற்குக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். மாதம் ஒரு கிலோ காப்பித் தூள் வாங்கும் வீட்டில், டிகாக்ஷனில் கரைந்தது போக, காய்ந்த நிலையில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் சக்கை மிஞ்சும். வருஷத்துக்கு ஆறு ஏழு கிலோ. காய்ந்த சக்கையில் தழைச்சத்து ஏறக்குறைய 2 சதவீதம். ஆக, ஒரு குடும்பம் வருஷம் முழுவதும் குடித்த காப்பியில் மிஞ்சுவது 120 முதல் 140 கிராம் வரையிலான தழைச்சத்து. ஆறு வயதுக்கு மேற்பட்ட மாமரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 50 கிலோ தொழு உரமும் ஒரு கிலோ தழைச்சத்தும் வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் சிபாரிசு. எனவே, வீட்டுச் சக்கையை மட்டும் நம்பி மாமரத்தை வளர்த்துவிடலாம் என்று எண்ணுவது வீண். மரத்துக்கு அது ஊறுகாய், சாப்பாடு அல்ல.

ஓட்டல் கணக்கு வேறு. நாளொன்றுக்கு ஐந்து கிலோ தூள் போடும் ஓட்டலில் தினம் மூன்று கிலோ காய்ந்த சக்கை மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் ஆகிறது. அதில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து. இருபது மாமரத்துக்குப் போதுமான அளவு ஒரே ஓட்டலின் பின்கட்டிலிருந்து குப்பை லாரியில் ஏறிப் போகிறது. தெருவுக்கு ஒரு ஓட்டல் என்று வைத்துப் பார்த்தால், ஆனேக்கல் சுற்று வட்டாரத் தோப்புக்காரர்களுக்கு இது அலட்சியப்படுத்தக் கூடிய சரக்கு அல்ல.

சக்கையில் இருப்பதும் இல்லாததும்

தழைச்சத்து 2 சதவீதம் இருந்தாலும் மணிச்சத்து மிகக் குறைவு. சாம்பல் சத்து அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பூவும் காயும் பிடிக்க வேண்டிய மரத்துக்கு இது மட்டும் போதாது. எலும்புத் தூளோ, விறகுச் சாம்பலோ சேர வேண்டும். தவிரவும் சக்கையில் உள்ள தழைச்சத்து யூரியாவைப் போலத் தண்ணீர் விட்டவுடன் வேருக்குக் கிடைத்துவிடாது. அது புரதத்தில் கட்டுண்டு கிடக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று, செரித்து, பிறகுதான் வேருக்குக் கொடுக்கும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

காப்பிச் சக்கை புளிப்பு, அதனால் மண்ணைப் புளிக்க வைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது பெரும்பாலும் தவறு. காப்பியின் அமிலங்கள் நீரில் கரைபவை. அவை டிகாக்ஷனோடு இறங்கி டம்ளருக்குப் போய்விடுகின்றன. மிஞ்சிய சக்கையின் கார அமில நிலை பெரும்பாலும் 6.2-க்கும் 6.9-க்கும் இடையில், அதாவது நடுநிலைக்குச் சற்றே கீழேதான் நிற்கிறது. ஆகவே, சுண்ணாம்பு மிகுந்த மண்ணைச் சக்கை போட்டுத் திருத்திவிடலாம் என்பதும் நடக்காது. செம்மண்ணைச் சக்கை கெடுத்துவிடும் என்று பயப்படவும் தேவையில்லை.

நம்மவர் வீட்டுச் சக்கைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பெரும்பாலான பில்டர் தூளில் சிக்கரி கலந்திருக்கிறது. கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அப்படியென்றால் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருக்கலாம் என்றுதான் அர்த்தம். சிக்கரி ஒரு கிழங்கு வேர்; வறுத்துப் பொடித்தது. அது காப்பியை விட அதிகமாக நீரில் கரையும். மிஞ்சுவது மட்கக் கூடிய நார்தான். மரத்துக்கு அதனால் கேடில்லை. ஆனால் சிக்கரி அதிகமுள்ள தூளின் சக்கையில் காப்பியின் பங்கு குறைவு என்பதால், மேலே சொன்ன 2 சதவீதக் கணக்கிலும் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும்.

கன்று பட்டுப் போவது ஏன்?

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகர விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஊரும் பெங்களூரைப் போலக் காப்பிப் பைத்தியம் பிடித்த ஊர். பிராக்கோலி, லீக், முள்ளங்கி, வயோலா, சூரியகாந்தி என்ற ஐந்து வகைச் செடிகளை மூன்று வகை மண்ணில் வளர்த்து, மட்காத காப்பிச் சக்கையை வெவ்வேறு அளவில் கலந்தார்கள். முடிவு 2016-ல் வெளியாயிற்று. மண் எதுவானாலும், கூடவே உரம் போட்டாலும், சக்கை கலந்த மண்ணில் செடிகள் குன்றிப் போயின. மண்ணின் நீர் பிடிக்கும் சக்தி மட்டும் கூடியது, களையும் குறைந்தது.

களை குறைந்தது என்பதிலேயே விடை இருக்கிறது. காப்பிச் செடி தன் காலடியில் வேறு செடி முளைக்காதிருக்கக் காபீன் முதலிய பொருள்களை வைத்திருக்கிறது. டிகாக்ஷன் இறங்கிய பிறகும் சக்கையில் அதன் மிச்சம் நிற்கிறது. விதை முளைக்கும் பருவத்திலும், கன்று வேர் விடும் பருவத்திலும் அது நஞ்சாகிறது. மரக் கன்று நடும் குழியில் சக்கையைக் கொட்டி, அதன் மேல் கன்றை வைப்பவர்கள் செய்யும் காரியம், பச்சைக் குழந்தைக்கு டிகாக்ஷன் புகட்டுவதற்குச் சமம்.

காபீனின் வேகத்துக்கு ஓர் உதாரணம். ஹவாய்த் தீவில் அமெரிக்க விவசாய இலாகா விஞ்ஞானிகள் 1 முதல் 2 சதவீதக் காபீன் கரைசலைத் தெளித்தபோது ஓடில்லா நத்தைகள் செத்து விழுந்தன. 2002-ல் 'நேச்சர்' ஏட்டில் இது வெளிவந்தது. மழைக் காலத்தில் பெங்களூர்த் தோட்டங்களைச் சூறையாடும் ஆப்பிரிக்க நத்தையை நினைத்து உடனே சக்கையைத் தூவ ஓட வேண்டாம். சக்கையில் அந்த அளவுக்குக் காபீன் மிச்சமில்லை. நாய் வளர்ப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; காபீன் நாய்க்கு விஷம்.

இன்னொரு தொல்லை சக்கையின் நைஸ். மாவு போன்ற துகள்கள் வெயிலில் காய்ந்தால் ஒன்றோடொன்று இறுகி வறட்டி போல ஆகிவிடும். அதன் மேல் ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். செம்மண்ணே வெயிலில் மேலோடு கட்டும் மண். அதன் மேல் கனமாகச் சக்கையையும் அப்பினால் வேருக்குக் காற்றுமில்லை, நீருமில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அளந்து விடுகிற ஊரில் இதை விடப் பெரிய நஷ்டம் வேண்டியதில்லை.

காடு முளைத்த கதை

இத்தனை குற்றம் சொன்ன பிறகு, காப்பிக் கழிவு ஒரு காட்டையே எழுப்பிய கதையையும் சொல்லத்தான் வேண்டும். மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிகா நாட்டில், மேய்ச்சலுக்கு விட்டுப் பாழாகிப்போன நிலம் ஒன்றில், 2018-ல் முப்பது லாரி காப்பிப் பழத் தோலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 35 மீட்டருக்கு 40 மீட்டர் இடத்தில் அரை மீட்டர் கனத்துக்குப் பரப்பினார்கள். பக்கத்தில் அதே அளவு இடத்தை ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். இரண்டே வருஷத்தில், தோல் பரப்பிய இடத்தில் 80 சதவீத நிலத்தை மரக் கிளைகள் கவிந்து மூடின. சும்மா விட்ட இடத்தில் 20 சதவீதம்தான். ஹவாய்ப் பல்கலைக் கழக விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழுவினர் 2021-ல் இதை வெளியிட்டனர்.

இது பில்டர் சக்கை அல்ல. பழத்தைப் பிழிந்து கொட்டையை எடுத்த பின் மிஞ்சும் சதைத் தோல். ஆனால் அதில் உள்ள பாடம் ஒன்றே. கனமாகக் கொட்டிய தோல் முதலில் அங்கிருந்த முரட்டுப் புல்லை மூச்சு முட்டச் செய்து கொன்றது. பிறகு மட்கி வளமான மண்ணாயிற்று. காற்றும் பறவைகளும் கொண்டுவந்த விதைகள் அதில் முளைத்து எழுந்தன. கொன்றதும் அதே கழிவு, வளர்த்ததும் அதே கழிவு. இடையில் நடந்தது மட்குதல்.

குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டக்காரர்களுக்கு இது புதிதல்ல. இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தில்தான் விளைகிறது. பழத் தோலைச் சாணத்தோடு குழியில் போட்டு மட்க வைத்து, செடிகளுக்கே திருப்பிப் போடுவது எஸ்டேட்டுகளில் வழக்கம். அந்த எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்த கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு. மேலும், நம் நாட்டுக் காப்பி வெட்ட வெளியில் வளர்வதில்லை. பலா, சில்வர் ஓக் போன்ற மரங்களின் நிழலில்தான் வளர்கிறது. மரத்தடியில் விளைந்ததன் சக்கை மரத்தடிக்கே போவது பொருத்தமும்தான்.

பெங்களூர் முறை

குப்பையை எருவாக்கும் வித்தையில் பெங்களூருக்கு உலகப் பெயர் உண்டு என்பது பெங்களூர்வாசிகள் பலருக்கே தெரியாது. 1939-ல் சி. என். ஆச்சார்யா என்ற விஞ்ஞானி வகுத்த முறைக்கு 'பெங்களூர் முறை' என்றே உலகெங்கும் பாடப் புத்தகங்களில் பெயர். ஒரு மீட்டர் ஆழக் குழியில் குப்பையையும் கழிவையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண்ணால் மெழுகி மூடிவிட வேண்டும். கிளறவும் வேண்டாம், தினம் நீர் தெளிக்கவும் வேண்டாம். ஆறு முதல் எட்டு மாதத்தில் எரு தயார். ஆளும் நீரும் குறைவாக உள்ள நகரசபைகளுக்கென்று எண்ணிச் செய்த முறை அது. 1975-ல் கர்நாடக அரசு கம்போஸ்ட் வளர்ச்சிக்கென்று ஒரு கார்ப்பரேஷனையே ஏற்படுத்தி, ஓசூர் சாலைப் பக்கம் கூட்லு அருகே எரு தயாரிக்கத் தொடங்கியது.

தோட்டக் கலையும் இந்த மண்ணுக்குப் பழையதே. ஐதர் அலி 1760-ல் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்ட வேலையில் பெயர் பெற்ற திகளர் சமூகத்தார் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் வழக்கு உண்டு. எருவின் அருமையை இவ்வூர்த் தோட்டக்காரர்களுக்கு வெளியார் சொல்லித் தரத் தேவையில்லை. காப்பிச் சக்கைதான் அவர்களுக்குப் புதுச் சரக்கு.

சக்கைக்குப் பெங்களூர் முறையும் ஒத்துவரும். ஆனால் எட்டு மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் காற்றோட்டமாகக் கிளறி மட்க வைப்பதே மேல். கவனிக்க வேண்டியது கலவை. மொத்தக் குவியலில் காப்பிச் சக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழகத்தார் எச்சரிக்கின்றனர். ஒரு கூடை சக்கைக்கு மூன்று கூடை சருகு, ஒரு கூடை சாணம் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். புங்கைச் சருகு, மாஞ்சருகு, கேழ்வரகுத் தாள் எதுவும் ஆகும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. பத்து நாளுக்கு ஒரு முறை கிளறினால் உள்ளே சூடு ஏறும். இரண்டு மூன்று மாதத்தில் காப்பி வாசனை போய் மழை பெய்த மண் வாசனை வரும். அப்போதுதான் அது உரம்.

கிளறும்போது வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டு கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது மட்குவதன் அடையாளம். காளான் இனத்துக்குக் காப்பிச் சக்கை என்றால் கொள்ளை ஆசை. சிப்பிக் காளானை இதிலேயே வளர்க்கிறார்கள்.

மரத்தடியில் எங்கே போடுவது?

நடுமரத்தை ஒட்டிக் கொட்டுவதால் பயனில்லை. அங்கே இருப்பவை தாங்கும் வேர்கள். உண்ணும் வேர்கள் தள்ளி இருக்கின்றன. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ அந்த வட்டத்தில் ஓர் அடி அகலம், அரை அடி ஆழம் பறித்து, மட்கிய எருவைப் போட்டு மூட வேண்டும். மே கடைசியில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை என்றால் ஆனேக்கல் மழைக்குப் பொருந்தும். அடிமரத்தைச் சுற்றி அரை அடியாவது வெறும் மண்ணாக இருக்கட்டும். ஈரம் தங்கினால் பட்டை அழுகும்.

மட்க வைக்க இடமே இல்லாத வீட்டுக்காரர், வளர்ந்த மரத்துக்கு மட்டும், சக்கையை நேராகவும் போடலாம். விரல் கனத்துக்கு மேல் போகாமல் மெல்லியதாகத் தூவி, அதன் மேல் கையளவு கனத்துக்குச் சருகு மூடிவிட வேண்டும். சருகு மூடினால் சக்கை இறுகாது. மண்புழுவும் மேலே வரும். தினமும் ஒரே இடத்தில் தட்டக் கூடாது. கன்றுக்கும், தொட்டிச் செடிக்கும், நாற்றங்காலுக்கும் மட்காத சக்கை கூடவே கூடாது.

தெரு மரங்களின் கதி வேறு. அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டால், எந்த உரம் யார் கொண்டுவந்தாலும் போட இடமில்லை. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரம் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட வேண்டி வந்தது. வீட்டு வாசலில் நடைபாதை போடும்போதே ஒரு மீட்டரை விட்டுவைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்வது சுலபம். பூசிய பிறகு உடைப்பதுதான் கஷ்டம்.

டீக்கடைச் சக்கையைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. பில்டர் காப்பியில் பாலும் சர்க்கரையும் சக்கையோடு சேர்வதில்லை. பில்டருக்கு மேலே தூளும் வெந்நீரும் மட்டுமே. டீ அப்படியல்ல. பாலோடும் சர்க்கரையோடும் சேர்த்துக் கொதிக்க வைத்த டீத்தூளை அப்படியே மரத்தடியில் போட்டால் எறும்பும் எலியும் வந்து சேரும், நாற்றமும் எடுக்கும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்திய பிறகு காப்பிச் சக்கையைப் போலவே குவியலில் சேர்க்கலாம். ஓட்டலில் சொல்லிவைத்து வாங்குபவர்கள் தனி வாளி கொடுத்துவிட்டு, அன்றன்றே எடுத்து வருவது நல்லது. மூடிய பிளாஸ்டிக் பையில் ஈரச் சக்கை இரண்டு நாள் கிடந்தால் புளித்து நாறும். அப்புறம் அந்த ஓட்டல்காரர் இரண்டாம் முறை கொடுக்க மாட்டார்.